அக்காவின் கடை இன்னும் திறந்திருக்கிறது

செத்துப்போனவள் அனுப்பிய பார்சலை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, அந்தப் பெண் தன் நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்களே பிரிச்சுப் பாருங்க. நேத்து மத்தியானம் வந்துச்சு. அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். என்னால கை வைக்க முடியல."

தபாலம்மா உடனே பிரிக்கவில்லை. பார்சலைச் சுற்றி நடந்தார். தபால் இலாகாவின் உடைந்த பார்சல் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஒரு பொட்டலத்தை வெளியிலிருந்து பார்த்தே, கட்டியவர் அவசரக்காரரா, அழுத்தக்காரரா, யாரையாவது காதலிப்பவரா என்று சொல்லிவிடுவார் என இலாகாவில் பேச்சு உண்டு. ஓய்வு பெற்றதும் சலவைக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து, வாசலில் 'துப்பறியும் அலுவலகம்' என்று பலகை மாட்டினார். தெருவில் யாரும் பலகையைப் படிக்கவில்லை. அவர் தபாலம்மாவாகவே இருந்தார்.

அவருடைய உதவியாளன் கிளி சுவரில் சாய்ந்து நின்றான். பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறவர்கள் வேறு யாரையோ தேடுவார்கள். ஆள் நூற்றுப்பத்துக் கிலோ. பத்து வருடம் மேடைகளில் பலகுரல் செய்து பிழைத்தவன். தொண்டை கட்டிப்போய் மேடை கைவிட்ட பிறகு இங்கே வந்து சேர்ந்தான். பெயர் மட்டும் மேடையிலிருந்து கூடவே வந்துவிட்டது.

"மேடம், இன்னும் ஒரு சுத்து சுத்தினா பார்சலுக்கே தலை சுத்திடும்."

"வாயை மூடிட்டு டேப்போட நுனியைப் பாரு."

கிளி குனிந்தான். பழுப்பு டேப்பின் கடைசி அரை அங்குலம் உட்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை. பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

"வாங்குறவங்களுக்கு நகம் உடையக் கூடாதுன்னு நினைக்கிற ஆளு," என்றார் தபாலம்மா.

பெண் மேசையை நோக்கிச் சாய்ந்தாள். "அக்கா அப்படித்தான் மடிப்பா. எல்லாப் பார்சல்லயும்."

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஆறு மாதக் குழந்தைக்குத் தாய். பேசும்போதெல்லாம் இடது சுண்டுவிரலில் கிடந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது அக்காவினுடையது. அக்கா மோதிர விரலில் போட்டிருந்தது, தங்கைக்குச் சுண்டுவிரலைத் தாண்டி வேறெதிலும் ஏறவில்லை.

அக்கா தனியாக இயங்கிய ஓவியர். கண்காட்சிக் கூடம் இல்லை, தரகர் இல்லை. போனில் 'ஜன்னலோரம்' என்று ஒரு பக்கம், அதுதான் கடை. எல்லாப் படத்திலும் ஒரு ஜன்னல் இருக்கும். படத்தின் போட்டோவோடு நாலு வரி எழுதுவாள். அந்த நாலு வரிக்காகவே ஆறாயிரம் பேர் காத்திருந்தார்கள். வாங்காதவர்கள்கூட.

எட்டு மாதத்துக்கு முன், ஒரு வாடிக்கையாளருக்குப் போன படம் கண்ணாடி உடைந்து போய்ச் சேர்ந்தது. மாற்றுப் படத்தைத் தானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அக்கா கிளம்பினாள். அவள் ஏறிய பஸ் அணைக்கட்டுப் பாலத்திலிருந்து தண்ணீருக்குள் போனது. உள்ளே பதினாலு பேர். பதினோரு உடல்களை எடுத்தார்கள். மிச்சம் மூன்று பேரில் அக்கா ஒருத்தி.

"நாப்பது நாள் பக்கம் அமைதியா கிடந்துச்சு," என்றாள் தங்கை. "நாப்பத்தோராவது நாள் புதுப் படம் வந்துச்சு. இதுவரைக்கும் ஒன்பது. யாராவது கேள்வி கேட்டா பதில் வருது. அவ பேசுற மாதிரியே."

"போலீஸ்?"

"முன்னாடியே நேரம் குறிச்சு வெச்ச போஸ்ட்டா இருக்கும், தானா வெளியாகும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பணம் போற அக்கவுண்ட் அக்கா பேர்லயே இருக்கு. யாரும் தொடல. அப்புறம் இதுல குத்தம் என்னம்மான்னு கேக்குறாங்க."

"காசை எடுக்காத திருடன்," என்றான் கிளி. "மேடம், ஆள் கிடைச்சா நம்மகிட்டயே வேலைக்கு வெச்சுக்கலாம். சம்பளம் மிச்சம்."

தபாலம்மா ஒரு பார்வை பார்த்தார். கிளி மேற்கூரையைப் பார்த்தான்.

சிநேகிதி ஒருத்தியின் பெயரில் தங்கையே போட்ட ஆர்டர் இது. அனுப்பியவர் முகவரி என்ற இடத்தில் 'ஜன்னலோரம்' என்று மட்டும் இருந்தது. தபாலம்மா டேப்பை இழுத்தார். முதலில் அட்டை. அதற்குள் பபிள் ஷீட். அதற்குள் இன்னொரு அட்டை, மறுபடி பபிள் ஷீட், பிறகு பட்டர் பேப்பர். நாலு மூலைகளிலும் தெர்மாகோல் துண்டுகள், ஒவ்வொன்றும் அளவெடுத்து வெட்டியது.

"இந்த அளவுப் படத்துக்கு இதுல பாதி போதும்," என்று முணுமுணுத்தார். "உடைஞ்சுடுமோன்னு நடுங்கிக்கிட்டே கட்டியிருக்காங்க."

பட்டர் பேப்பர் விலகியது. வெளியிலிருந்து பார்த்த ஒரு ஜன்னல். உள்ளே பாதி இருட்டு அறை. அறையின் நடுவில் மஞ்சள் துணி போர்த்திய தொட்டில். தொட்டிலுக்குள் கறுப்பாய் ஒரு சின்னத் தலை.

"இது என் வீடு," என்றாள் தங்கை. "அது என் பிள்ளை. அக்கா போனப்புறம் பொறந்தவன். இதை முன்னாடியே நேரம் குறிச்சு வெக்க முடியுமா மேடம்?"

கூடவே ஓர் அட்டை இருந்தது. தபாலம்மா வாய்விட்டுப் படித்தார்: "என் தங்கை பெற்ற பிள்ளையை நான் இன்னும் தூக்கவில்லை. ஜன்னல் வரை வந்தேன். அம்மாடியோ, எவ்வளவு முடி!"

கீழே சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி 'உஸ்' என்று ஆவி விட்டது. கிளி சட்டென்று ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்," என்றாள் தங்கை. "அவ இருக்காளா, இல்லையா? இருந்தா, ஜன்னல் வரைக்கும் வந்தவ ஏன் உள்ள வரல?"

"அக்கா வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"மாமாவா? அவர்கிட்டேர்ந்து சேர்ந்தாப்ல நாலு வார்த்தை வாங்குறதே பெரிய பாடு. கேட்டா தெரியாதுங்கறார். அக்கா வேலை செஞ்ச ரூமைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியறார். சில நேரம் தோணுது, அவருக்குப் பயந்துதான் அக்கா எங்கயோ ஒளிஞ்சு இருக்காளோன்னு."

"என்ன வேலை அவருக்கு?"

"ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில மெஷின் ஓட்டுறார்."

"படம் போடுவாரா?"

தங்கை அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். "அவர் கையில பென்சிலைக்கூட நான் பார்த்ததில்ல."

தபாலம்மா 'ஜன்னலோரம்' பக்கத்தைத் திறந்து போனைக் கிளியிடம் நீட்டினார். "முதல் போஸ்ட்லேர்ந்து கடைசி வரைக்கும் படி. உதட்டால படி."

கிளி மூலையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் படித்தான். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. ஒரு குரலைப் பிடிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். முதலில் அவள் வேகம் பிடிபட்டது. பிறகு எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எங்கே சட்டென்று கேலிக்குத் தாவுவாள் என்பதெல்லாம். பார்த்தே இராத ஒருத்தி மெல்ல அவன் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்தாள். கடைசி ஒன்பது போஸ்ட்டுக்கு வந்தபோது தொண்டை இடறியது.

"மேடம், இது அந்தம்மா இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"தொழில் ரகசியம். மேடையில ஒருத்தரைப் பண்ணும்போது, அவர் வருஷத்துக்கு ரெண்டு தரம் சொல்ற வார்த்தைய நாங்க நிமிஷத்துக்கு ரெண்டு தரம் சொல்லுவோம். இல்லன்னா கைதட்டு விழாது. இந்தம்மா உயிரோட இருந்தப்ப இருநூத்திப் பதினாலு போஸ்ட்ல 'அம்மாடியோ' பதினோரு தடவைதான். அதுக்கப்புறம் ஒன்பது போஸ்ட்ல ஒன்பது. இது யாரோ பலகுரல் பண்றாங்க மேடம். நல்லாவே பண்றாங்க. ஆனா பயந்துக்கிட்டுப் பண்றாங்க."

தங்கை மோதிரத்தைத் திருகுவதை நிறுத்தினாள்.

"எனக்கும் ஒண்ணு இடிக்குது," என்றார் தபாலம்மா. "எல்லாமே நின்ன வாக்குப் படம். உயரம் இருபது அங்குலம், அகலம் பதினாறு. பழைய போஸ்ட் எல்லாத்துலயும் இருபதுக்குப் பதினாறுன்னு போட்டிருக்கு. புதுசுல எல்லாம் பதினாறுக்கு இருபது. படம் மாறல. சொல்ற ஆள்தான் மாறியிருக்கு. நீ அக்கா குடுத்த பழைய படம் ஒண்ணு கொண்டு வந்தேன்னியே, எடு. ரெண்டையும் நாங்க கொஞ்சம் வெளிய கொண்டு போகணும்."

-

அக்காவின் படங்களுக்கெல்லாம் ஃப்ரேம் போட்டவர் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. மரத்தூள் வாசம். சுவர் முழுக்க ஃப்ரேம் மூலைகள், வரிசையாக, யாரோ ஜன்னல்களை உடைத்து மாட்டியதுபோல. ஃப்ரேம்காரர் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் பேசினார்.

"ஓவியருங்களும் சரி, நாங்களும் சரி, உயரம்தான் முதல்ல சொல்லுவோம். அகலம் அப்புறம். அந்தம்மா ஒரு நாள்கூட மாத்திச் சொன்னதில்ல. எட்டு மாசமா எங்கிட்ட ஃப்ரேமுக்கு எதுவும் வரல."

"மாத்திச் சொல்றவங்க யாரு?"

"பேனர்காரங்க. ரோட்டுக்குக் குறுக்க கட்டுறவனுக்கு அகலம்தான முதல் கவலை? பத்துக்கு நாலும்பான். அவன் சொன்னபடி நான் ஃப்ரேம் போட்டா, படத்தைப் படுக்க வெச்சுத்தான் பார்க்கணும்."

கிளி தொடையைத் தட்டினான். தூசு எழுந்தது. "மாமா! மேடம், முடிஞ்சுது கேஸ். பொண்டாட்டி பேர்ல மாமா போலிப் படம் போட்டு வித்துக்கிட்டு இருக்கார்."

"காசை எடுக்காமலா?"

"மறந்திருப்பார்."

"உனக்கு மறக்குமா?"

"எனக்கு மறக்காது. அவர் அமைதியான ஆளு."

தபாலம்மா இரண்டு படங்களையும் வெட்டு மேசையில் வைத்தார். "ஃப்ரேமைக் கழட்டிக் குடுங்க. போலியா இல்லையான்னு உங்க கண்ணு சொல்லட்டும்."

ஃப்ரேம்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஆணிகளை நெம்பினார். மூன்று வருடத்துக்கு முந்திய படம் ஒன்று, தொட்டில் படம் ஒன்று. அருகருகே வைத்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே கை," என்றார்.

"நிச்சயமா?"

"இருட்டு வர்ற இடத்துல கறுப்பே போட மாட்டாங்க. நீலத்துல கொஞ்சம் செம்மண் கலந்து இழுத்திருக்காங்க பாருங்க, ரெண்டுலயும். இதையாவது ஒருத்தன் பார்த்துக் கத்துக்கலாம். இதைக் கத்துக்க முடியாது." பழைய படத்தின் இடது ஓரத்தைத் தொட்டார். ஃப்ரேம் மறைத்திருந்த விளிம்பில், வண்ணம் படாத முட்டை வடிவ வெள்ளை. "பலகையை ஸ்டாண்டுல வெக்காம கையில பிடிச்சுக்கிட்டே போடுற பழக்கம். கட்டைவிரல் இருந்த இடம் இது. எங்கிட்ட வந்த எல்லாப் படத்துலயும் இருக்கும். புதுசுலயும் இருக்கு, பாருங்க. வெளிய இருக்கிற ஒருத்தனுக்கும் இது தெரியாது. ஃப்ரேம் மூடிடும்."

கை அவளுடையது என்றால், படம் பிள்ளை பிறந்த பிறகு போட்டது என்றால், அக்கா உயிரோடு இருக்கிறாள். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அவன் யோசிக்கும்போதே, தபாலம்மா தன் கட்டைவிரலைப் புதுப் படத்தின் வெள்ளையின் மேல் வைத்தார். சுற்றிலும் வெள்ளை மிச்சமிருந்தது, தாராளமாக.

"கிளி, உன் கையைக் கொண்டா."

அவன் கட்டைவிரலை வைத்தான். வெள்ளை முழுவதும் மறைந்தது. பழைய படத்துக்கு மாற்றினான். அங்கேயும் கச்சிதமாக மறைந்தது.

"அக்கா மோதிர விரல்ல போட்ட மோதிரம், தங்கச்சிக்குச் சுண்டுவிரலைத் தாண்டலையே," என்றார் தபாலம்மா மெல்ல. "அத்தனை மெல்லிசு கை."

"மேடம், அப்படின்னா..."

"சொல்லாத. நான் ஒரு போன் பேசிட்டு வரேன்."

அவர் தெருவில் நின்று பேசுவதைக் கிளி கடைக்குள்ளிருந்து பார்த்தான். முதலில் கேட்டார். பிறகு காத்திருந்தார். அப்புறம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம், உடைந்த பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு, உரியவரைத் தேடுகிறவர் முகம்போல இருந்தது.

"யார்கிட்ட பேசினீங்க?"

"அணைக்கட்டு ஊர் ஸ்டேஷன். தங்கச்சியை மாமா வீட்டுக்கு வரச் சொல்லு. அவ கூட இருக்கணும்."

"ஆட்டோவுல ஒரே பக்கமா உக்காந்தா சாயும், நான் நடந்தே வரட்டுமா?" என்று கேட்டான் கிளி. எப்போதும் அதற்கு ஒரு பதில் வரும். அன்று தபாலம்மா ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.

-

வரிசை வீடுகளில் கடைசி வீடு. எதிரே தண்ணீர்த் தொட்டி. கதவைத் திறந்தவர் கிளிக்குச் சமமான ஆகிருதி. நகக்கண்களில் பேனர் மையின் நீலமும் சிவப்பும். தங்கையைப் பார்த்தார், பின்னால் நின்ற இருவரையும் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

"மாமா, இவங்க..."

"ரூமைப் பார்க்கணும்," என்றார் தபாலம்மா.

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். இத்தனை நாள் இந்தக் கேள்விக்குத்தான் அதை அங்கே வைத்திருந்தவர்போல.

பிற்பகல் மூன்று மணி வெளிச்சம் ஜன்னலிலிருந்து சரிந்து விழுந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. படங்களைப் போட்டோ எடுத்த இடம். நீண்ட மேசையில் டேப் சுருள்கள், கத்தரி, அளவு வாரியாக அடுக்கிய அட்டைகள், ஒரு தடித்த நோட்டு. கிளி நோட்டைப் புரட்டினான். பக்கத்துக்கு ஒருவர். வாங்கியவர் பெயர், அவர் வீட்டுச் சுவரின் நிறம், படம் யாருக்குப் பரிசு, நாயின் பெயர், எதைப் பற்றிக் கேட்டால் மனம் விட்டுப் பேசுவார். சிலருக்கு எதிரே, 'இவரிடம் விலை குறைக்காதே, குறைத்தால் மதிக்கமாட்டார்.' வேறு சிலருக்கு, 'இவளுக்கு இப்போது விற்காதே, மனசு சரியில்லை, அடுத்த மாதம் நீயாகப் பேசு.'

"அக்கா வேலையா இருக்கும்போது என்னை உள்ள விட மாட்டா," என்றாள் தங்கை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். "ஆனா... பெயின்ட் எங்க?"

"தரையைப் பாரும்மா," என்றார் தபாலம்மா. "மூணு வருஷம் ஒருத்தர் நின்னு வண்ணம் தீட்டின தரையா இது? ஒரு சொட்டுகூட இல்ல. வாசம்கூட இல்ல. நாம எல்லாரும் பழைய படமெல்லாம் அவ போட்டது, புதுசுதான் போலின்னு நினைச்சோம். இல்ல. படம் அன்னைக்கும் இன்னைக்கும் ஒரே ஆள் போட்டது. எழுத்துதான் இப்ப வேற."

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கட்டைவிரலைக் கிளி பார்த்தான். தன்னுடையதைப் பார்ப்பதுபோலவே இருந்தது.

"நீங்களா மாமா?"

அவர் தலையசைத்தார்.

"பின்கட்டுல போடுவேன். துவைக்கிற கல்லுகிட்ட. சும்மா, கடையில மிஞ்சின பலகையில. ஒரு நாள் அவ ஒண்ணை போட்டோ எடுத்துப் போட்டா. 'நீங்களா போட்டீங்க, ரொம்ப நல்லாருக்குக்கா'ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. இவ என்னைக் கூப்பிட்டு, 'ஆமான்னு சொல்லிட்டேன், பரவால்லயா'ன்னா. எனக்கு... நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு. முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட நான் என்னத்தப் பேசுவேன்? அவங்க வாங்குனது படத்தை இல்ல. ஜன்னலோரமா தனியா உக்காந்து வரையற ஒருத்திய. அவ பேச்ச. என் படத்துக்கு ரெண்டு நாள். அதை ஒருத்தர் வீட்டுச் சுவர் வரைக்கும் கொண்டு சேர்க்க அவளுக்கு ரெண்டு வாரம்."

"அந்தக் குரல்?" கிளிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவங்களை மாதிரியே எழுதினீங்களே."

"போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் எனக்குப் படிச்சுக் காட்டுவா. மூணு வருஷமா. காதுல கிடக்கு." அவர் கண்கள் தங்கையிடம் போகாமல் தரையிலேயே இருந்தன. "உடைஞ்சு போன பார்சல் இருக்கே, அதை அவ கட்டல. அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல். நான் கட்டினேன். மூலைக்கு ஒண்ணும் வெக்கல. அதுக்குப் பதிலு குடுக்கத்தான் அவ..."

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"நாப்பதாவது நாள் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார் தபாலம்மா. குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை.

அவர் நிமிர்ந்தார். எல்லாம் தெரிந்த ஒருவர் எதிரே நிற்பதைப் பார்த்ததும் தோள்கள் இறங்கின.

"அணைக்கட்டுக்கு. கூப்பிட்டாங்க. மதகுகிட்ட... துணியும் கால் கொலுசும். நான்தான் அடையாளம் சொன்னேன். அங்கயே தகனத்தை முடிச்சுட்டு வந்துட்டேன்."

தங்கை மோதிரத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அப்ப உனக்கு எட்டு மாசம் முடிஞ்சிருந்துச்சு," என்றார் மாமா. இப்போது அவளிடம்தான் பேசினார். "பிரஷர் ஏறிக்கிடக்கு, படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை பொறக்கட்டும்னு இருந்தேன். பொறந்துச்சு. தலை நிக்கட்டும்னு இருந்தேன். அணைக்கட்டுலேர்ந்து வந்த மறுநாள், நாப்பத்தோராவது நாள், அவ வீட்ல விட்டுட்டுப் போன போன்ல மெசேஜ் வந்துச்சு. ஒரு பொண்ணு. 'அக்கா, அடுத்த படம் எப்ப, உங்களுக்காக சுவரைக் காலியா வெச்சிருக்கேன்'னு. அவ இல்லன்னு எழுதத்தான் எடுத்தேன். சத்தியமா. கேட்டது அவகிட்ட இல்லையா? நான் எப்படிப் பதில் சொல்றது? என் விரல் அம்மாடியோன்னு எழுதிச்சு."

"தொட்டில் படத்துல எழுதினீங்களே, ஜன்னல் வரை வந்தேன்னு," என்றாள் தங்கை.

"பிள்ளையைப் பார்க்க வந்தேன்ல? நீ தூங்கிட்டு இருந்த. வெளியவே நின்னு பார்த்துட்டுப் போயிட்டேன். அவளும் பார்த்திருந்தா எப்படிச் சொல்லுவான்னு... நீ அந்தப் பக்கத்தைப் படிப்பேன்னு நான் நினைக்கல."

"ஆறு மாசமா," என்றாள் தங்கை, "பின்கதவுத் தாழ்ப்பாளைப் போடாமத்தான் படுக்கறேன் மாமா. குழந்தையை வெச்சுக்கிட்டு. அவ வந்து தள்ளினா திறக்கணும்னு."

அவர் முகத்தில் அடி விழுந்ததுபோல இருந்தது. நிலையைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து வாசற்படியில் உட்கார்ந்தார், அந்தப் பெரிய உடம்பு.

தங்கை அழுவாள் என்று கிளி எதிர்பார்த்தான். அவள் கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஊதா உறையில் அக்காவின் பழைய போன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எழுதினாள். இரண்டு முறை அழித்தாள். பிறகு வாசித்துக் காட்டினாள். மூன்று வருடமாக இந்த அறையில் அக்கா செய்ததைத்தான் தானும் செய்கிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

"'ஜன்னலோரம் பக்கத்தைப் பின்தொடரும் எல்லோருக்கும். நான் தங்கை. அக்கா எட்டு மாதத்துக்கு முன் தண்ணீரில் போய்விட்டாள். நீங்கள் வாங்கிய படங்களை வரைந்தவர் என் மாமா. உங்களிடம் பேசியவள் என் அக்கா. அவள் போன பிறகு பேசியதும் மாமாதான், அவளை விட மனசில்லாமல். இனி அவள் பேசமாட்டாள்.' போதுமா மாமா?"

அவர் தலையை ஆட்டினார். அவள் அழுத்தினாள். போனை வெள்ளைத் துணிக்குக் கீழே மேசையில் வைத்தாள்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போன் மேசையின் மேல் அதிர்ந்தது. கிளிதான் பக்கத்தில் நின்றான். குனிந்து படித்தான்.

"என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டாள் தங்கை.

கிளிக்குப் படிக்க மனமில்லை. படித்தான்.

"'அக்கா, பயமுறுத்தாதீங்க. இது நிஜமா? நீங்களே சொல்லுங்க.'"

மறுபடி அதிர்ந்தது. இன்னொருவர். அதே கேள்வி. மூன்றாவது, நாலாவது. திரை இருளும் முன்னே அடுத்தது வந்தது. எல்லாமே அக்காவைத்தான் கேட்டன. அதிர்ந்து அதிர்ந்து போன் மேசையின் விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கிளி அது விழாமல் கையைக் கொடுத்துத் தடுத்தான். உள்ளங்கைக்குள் அது துடித்தது. அக்கா இருந்தால் என்ன பதில் எழுதுவாள் என்பது, வார்த்தைக்கு வார்த்தை, அவனுக்குத் தெரிந்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரிந்திருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.